முதலிடம் தந்தது ஸ்ட்ரீமிங் அல்ல, சிடி
கொரியப் பெண்கள் பாட்டுக்குழுவான ட்வைஸின் ‘வித் யூ-த்’ ஆல்பம் 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாராந்திர ஆல்பம் சார்ட்டான (தரவரிசை) பில்போர்டு 200-இல் முதலிடம் பிடித்ததற்கு ஸ்ட்ரீமிங்தான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்வது கணக்கோடு ஒட்டவில்லை. அந்த வாரம் மொத்தம் சுமார் 95,000 யூனிட் (விற்பனையும், ஆல்பமாக மாற்றிக் கணக்கிட்ட ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து). அதில் 90,000 நேரடி விற்பனை, பெரும்பாலும் சிடி. சந்தா கட்டியவர்கள் 1,250 முறை கேட்டால்தான் அப்போதைய விதிப்படி ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கு. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 முறை. அதே பாட்டுகளைப் பல அட்டைகளில் போட்டு, உள்ளே குழுவில் யாருடைய போட்டோகார்டு (படம் அச்சிட்ட சிறு கார்டு) இருக்கும் என்று தெரியாமல் விற்றால் ஒரே ஆள் நாலைந்து வாங்குவார் (வியாபார மூளை!). சார்ட்டுக்கு அத்தனையும் தனித்தனி விற்பனை. வெளியான நேரத்தையும் பாருங்கள்: சியோலில் வெள்ளி மதியம் 2 மணி, அதாவது நியூயார்க்கில் நள்ளிரவு 12, சார்ட் வாரம் தொடங்கும் நேரம். முன்பதிவு சிடி கிடங்கைவிட்டுக் கிளம்பினால்தான் கணக்கில் ஏறும். அனுப்பத் தாமதமானால் முதல் வாரம் போச்சு. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கச்சேரி டிக்கெட்டோடு ஆல்பத்தைக் கட்டி விற்றிருப்பார்கள் என்கிறார். 2020 அக்டோபரிலிருந்து அது சார்ட் கணக்கில் செல்லாது. தனி விலை போட்டு, வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தால் மட்டுமே எண்ணுவார்கள். சுற்றுப்பயணத்தின் பலத்தை அளக்க வேண்டுமானால் சார்ட்டை விட்டுவிட்டு 2024 ஜூலையில் ஜப்பானின் யோகோஹாமா நிசான் மைதானத்தில் இரண்டு நாள் நடந்த ட்வைஸ் கச்சேரியைப் பாருங்கள்.