எஃப்.பி.சி. அறிக்கையும் புற்றுநோயும்: ஒரு திருத்தம்

எஃப்.பி.சி. (Full Blood Count) எனப்படும் முழு இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனை சீராக இருந்தால் உடம்பில் எந்தப் புற்றுநோயும் இல்லை என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். சிலர் அதைத் தத்தம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அது சரியன்று.

அப்பரிசோதனை செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு ஆகியவற்றின் எண்ணிக்கையையும் ஈமோகுளோபின் அளவையுமே முக்கியமாகக் காட்டுகிறது. இரத்தப் புற்றுநோயாயின் அதில் சந்தேகத்துக்குரிய மாற்றம் தென்படக்கூடும். ஆனால் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லும் ஒருவருடைய கன்னத்தின் உட்புறத்தில் தொடங்கும் புற்றுநோய், அந்த எண்களில் ஒன்றையும் அசைக்காமலே வளரலாம். டோர்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்க்கும் பல் வைத்தியரின் கண்ணுக்கு அது தென்படலாம், சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பயொப்சிதான் அதை உறுதிப்படுத்தும். சூலகப் புற்றுநோய் தொடர்பில் செய்யும் சி.ஏ. 125 இரத்தப் பரிசோதனை போன்ற தனிப் பரிசோதனைகளும் முடிந்த முடிவல்ல (மாதவிடாய்க் காலத்தில்கூட அந்த அளவு ஏறுவதுண்டு).

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய எஃப்.பி.சி. அறிக்கையை எடுத்து வரிவரியாகப் பாருங்கள்: வாய்க்கோ மார்புக்கோ கருப்பைக் கழுத்துக்கோ உரிய வரி ஒன்றும் இராது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் மகளிர் கிளினிக்கில் 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை எப்படிச் செய்கிறார்கள் என்று அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர்கள் எடுப்பது கையிலிருந்து இரத்தம் அல்ல, கருப்பைக் கழுத்திலிருந்து கலங்கள்.