காதல் பட போஸ்டரில் அந்தப் பெண்ணுக்குக் கண் எதற்கு?

மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் ஒரு காதல் படத்தின் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹீரோ நேராக நம்மைப் பார்க்கிறார், அவர் தோளில் சாய்ந்திருக்கிற பெண் அவரையே பார்க்கிறாள், அவ்வளவுதான் அவளுக்கு வேலை. இது இந்த ஒரு படத்தோடு போகிற சங்கதியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் முதுகைக் காட்டி நிற்பாள், தலைமுடி மட்டும் காற்றில் பறக்கும். பின்னால் ஆரஞ்சு வானம், கீழே கொஞ்சம் நீலம். அடுத்தடுத்து ஒட்டியிருந்த இரண்டு போஸ்டரைக் காட்டி என் தங்கை மகள், "பெரியம்மா, ரெண்டும் ஒரே படமா?" என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன பதில் சொல்ல?

கிட்டப் போய்ப் பாருங்கள். அவர் முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது, அவள் முகத்தில் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து. அவர் கை அவள் இடுப்பைப் பிடித்திருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் புடவை ஒரு துளி கசங்கவில்லை. தனித்தனியாக எடுத்து ஒட்டியது என்று பார்த்தாலே தெரிகிறது. கால்ஷீட் ஒத்துவரவில்லை என்பார்கள், சரி, ஒட்டுங்கள். 1990இல் வந்த ப்ரெட்டி உமன் என்கிற ஹாலிவுட் படத்தின் போஸ்டரிலும் வேறொரு பெண்ணின் உடம்பில்தான் ஜூலியா ராபர்ட்ஸின் தலையை ஒட்டினார்கள். ஆனால் அதில் அவள் ஹீரோவின் டையைப் பிடித்து இழுக்கிறாள், அவள் எப்படிப்பட்டவள் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது!

எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், நான் இந்தப் படத்தைப் போய்ப் பார்த்துவிட்டேன். படம் நன்றாகவே இருக்கிறது. அவள் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள், அவன் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவன். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவன் பயந்து நடுங்க, பக்கத்து சீட்டில் அவள் தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. காதலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. போஸ்டர் அங்கேயே தயாராக இருக்கிறது, எடுத்துப் போட வேண்டியதுதானே? அந்த நடிகை இரண்டரை மணி நேரம் உழைத்ததற்கு ஒரு தோளில் சாய்த்துவைப்பதுதான் மரியாதையா?

இப்போதெல்லாம் எல்லோரும் போனில் கட்டைவிரல் அளவுக்குத்தான் போஸ்டரைப் பார்க்கிறார்கள், முகம் பெரிதாக இருந்தால்தான் எடுபடும் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இதே செம்பூரில்தான் ஹிந்தி நடிகர் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது. 1949இல் வந்த பர்சாத் படத்தில் ராஜ் கபூர் ஒரு கையில் வயலினும் இன்னொரு கையில் நர்கிஸுமாக நிற்கிற காட்சிதான் அந்தக் கம்பெனிக்கே சின்னமானது. எவ்வளவு சிறிதாகப் போட்டாலும் தெரியும், முகமே வேண்டாம், அந்த வளைந்த உடம்பும் வயலினும் போதும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். உங்களால் ஒரு காரையும் ஒரு எல் போர்டையும் காட்ட முடியாதா?