மேமோகிராம் எடுத்தால் தைராய்டு புற்றுநோய் வருமா?

மேமோகிராம் என்பது மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே. "மேமோகிராம் கதிர் கழுத்தில் பட்டுத் தைராய்டு புற்றுநோய் வருகிறது, கழுத்துக் கவசம் கேட்டு வாங்குங்கள்" என்ற செய்தி மீண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது அமெரிக்காவில் 2010 வாக்கில் கிளம்பிய பழைய சரக்கு. உண்மையல்ல.

மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில விநாடிகள் அழுத்திப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். கதிர் அங்கேதான் குறிவைத்து விழுகிறது. கழுத்தை எட்டுவது சிதறிவரும் துளி மட்டுமே. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் அரை மணி நேரத்தில் வந்து சேரும் இயற்கைக் கதிர்வீச்சின் அளவுதான் அது. 40 வயது முதல் 80 வரை ஆண்டுதோறும் எடுத்தாலும், இதனால் தைராய்டு புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.71 கோடிப் பெண்களில் ஒருவருக்கும் குறைவு. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி (எக்ஸ்ரே, ஸ்கேன் துறை மருத்துவர்களின் அமைப்பு) 2011இல் வெளியிட்ட விளக்கம் இது. அதன் இணையதளத்தில் பார்க்கலாம்.

"போட்டுக்கொண்டால் என்ன நஷ்டம்?" நியாயமான கேள்வி. கவசத்தின் விளிம்பு படத்துக்குள் நிழலாக விழுந்தால், மறுபடி படம் எடுக்க வேண்டிவரும். கதிருக்கு அஞ்சி மாட்டிய கவசமே இரண்டாம் முறை கதிர் வாங்கித் தரும்! பல் எக்ஸ்ரேக்குக்கூட இந்தக் கவசம் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது.

அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.