மேப்பில் ஒரு கோடு, நேரில் இரண்டு சாலை

தெருக்களின் அமைப்பை மட்டும் கொடுத்தாலே எங்கே வண்டிகள் குவியும் என்று கணினி சொல்லிவிடும் என்கிறது போக்குவரத்து நெரிசலைக் கணிக்கும் கணினி மாடல்கள் பற்றிய உங்கள் கட்டுரை. திருநெல்வேலிக்கு இது பாதிதான் பொருந்தும். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ போக தாமிரபரணியைத் தாண்டியாக வேண்டும். 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம் எந்த மாடலிலும் சிவப்பாகத்தான் தெரியும். அதைச் சொல்ல கணினி எதற்கு, வண்ணாரப்பேட்டை டீக்கடையில் கேட்டாலே போதும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஜங்ஷன் பக்கம் இருக்கும் ஈரடுக்கு மேம்பாலம் மேப்பில் ஒரே கோடு. மேல்தளமும் கீழ்த்தளமும் வேறு வேறு சாலை என்று பிரித்துக் கொடுக்காவிட்டால், கீழே போகிற பைக்கையும் மேலே போகிற பஸ்ஸையும் மாடல் ஒரே வரிசையில் நிறுத்திவிடும். சாலையில் பிடிக்கும் இடத்துக்கு பைக்கை அரை கார் என்று மாடலில் கணக்கு வைப்பதும் அப்படித்தான். சிக்னலில் அது வரிசையிலா நிற்கிறது? பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து முன்னால் வந்துவிடும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று நான்கு ரத வீதிகளையும் மாடலின் சாலை வலையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். சரி, அது ஒரு நாள்.

புதுச் சாலை சேர்த்தால் எல்லோருக்குமே பயண நேரம் கூடவும் வாய்ப்புண்டு என்று 1968-லேயே ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரெஸ் கணக்கில் காட்டிவிட்டார். அவரவர் தனக்குக் குறுக்குவழி என்று அதிலேயே போய் விழுவதுதான் காரணம். இன்னொரு பாலம் கேட்கும் எங்களுக்கு அவசியமான விஷயம் இது. கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதியில் எழுதுவீர்களா?