ஆடம் ஸ்மித் அரசு எதிலும் தலையிடக் கூடாது என்றாரா?

நண்பர் ஒருவர், பொருளாதாரத்தில் அரசு எதிலுமே தலையிடக் கூடாது என்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் சொன்னதாக எழுதியிருக்கிறார், பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். தடையற்ற வணிகத்தை அவர் ஆதரித்தார், சரிதான். ஆனால் அந்த "எதிலுமே" உண்மையில்லை.

1776இல் வந்த 'நாடுகளின் செல்வம்' நூலின் இரண்டாம் புத்தகம், இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் தாங்களே பண நோட்டு வெளியிட்ட வங்கிகள், சிறு மதிப்பு நோட்டுகளை வெளியிடுவதைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார். அது மனிதர்கள் தம் விருப்பப்படி நடக்கும் இயற்கைச் சுதந்திரத்தில் கைவைப்பதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டு, சிலரின் சுதந்திரம் மொத்தச் சமூகத்துக்கும் ஆபத்தாகும்போது தடுக்கத்தான் வேண்டும், தீ பரவாமல் இருக்க வீடுகளுக்கிடையே சுவர் எழுப்பச் சொல்லும் சட்டம் போலத்தான் இதுவும் என்கிறார். எனக்கு அந்த நூலிலேயே மிகவும் பிடித்த இடம் இது, வாதம் அவ்வளவு நேர்மையாக இருக்கும். அப்புறம் ஐந்தாம் புத்தகத்தில் சாலை, பாலம், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றிலும் அரசுக்குப் பங்கு கொடுக்கிறார்.

யாருடைய விளக்கவுரையையும் நம்ப வேண்டியதில்லை. மூலநூல் முழுவதும், பழைய நூல்களைத் தரும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் சொன்ன அத்தியாயத்தைத் திறந்து, வங்கி நோட்டுகள் பற்றிய கடைசிப் பத்திகளை நீங்களே வாசித்துப் பாருங்கள்.