அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

நேற்று இரவு நம் ஊர்க் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். எதற்கென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தயவுசெய்து தேடிப் பார்க்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை தொப்பூர் இரட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் நடந்த விபத்துதான். லாரிக்கடியில் கிடந்தவரின் முகத்தைக் கிட்டப் போய், தெளிவாக, மூன்று கோணத்தில் எடுத்துப் போட்டிருந்தார் ஒரு புண்ணியவான். கீழே 'ஆழ்ந்த இரங்கல்' வேறு. "முகத்தையாவது மறைத்துப் போடுங்கள், அவர் வீட்டுக்குத் தகவல் போனதா தெரியவில்லை" என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். 'வந்துட்டாருப்பா உத்தமர்' என்று ஒரு பதில். அந்தப் பதிலுக்குப் பதினான்கு சிரிப்புப் பொம்மை. மேலே பிணம், கீழே பதினான்கு சிரிப்பு.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே படம் எடுத்துப் பிழைக்கிறவன். என் அப்பா பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். விபத்து, தூக்கு, அடையாளம் தெரியாத பிரேதம் எதுவானாலும் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு சைக்கிளில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார். நடுராத்திரியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். திரும்பி வந்ததும் கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். இருட்டறையில் கழுவி, பிரிண்டோடு நெகட்டிவையும் சேர்த்துக் கவரில் போட்டு ஸ்டேஷனில் கொடுத்துவிடுவார். ஒரு பிரதிகூட கடையில் தங்காது. பையன் நான் எட்டிப் பார்த்ததற்கு ஒருமுறை அறை வாங்கியிருக்கிறேன். யாரும் அவருக்குப் பத்திரிகை தர்மம் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்புவரை படித்தவர்.

'விழிப்புணர்வுக்காகப் போட்டோம்' என்கிறார்கள். சரி, எதைப் பற்றிய விழிப்புணர்வு? தொப்பூர் கணவாயில் வண்டி ஏன் கவிழ்கிறது என்று நம் ஊர் டீக்கடைப் பையனுக்கும் தெரியும். சேலம் போகிற பக்கம் இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். அல்லது பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேறி, கடைசியில் அது பிடிக்காமல் போகிறது. 2020 டிசம்பரில் வரிசையில் நின்றிருந்த கார்கள்மேல் லாரி மோதியதே, மறந்துவிட்டதா? அந்த வளைவை எடுங்கள். தேய்ந்த டயரை எடுங்கள். எரியாத விளக்கை எடுத்துப் போட்டு அதிகாரிகளைக் கேளுங்கள், நானும் வந்து பகிர்கிறேன். செத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு எந்த டிரைவர் கியரில் இறங்கினார்?

ஒரு நண்பர் உள்பெட்டியில் வந்து நியாயமாகவே கேட்டார். "2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்களே, அந்தப் படங்கள் வராமல் இருந்திருந்தால் பள்ளிக்கூடங்களில் கூரைக் கொட்டகை போயிருக்குமா அண்ணா?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2015இல் கடற்கரையில் குப்புறக் கிடந்த அந்தச் சிரியாக் குழந்தையின் படமும் உலகத்தை உலுக்கியது, உண்மைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். 2000 பிப்ரவரியில் நம் இலக்கியம்பட்டியில் பேருந்தை எரித்து மூன்று மாணவிகளைக் கொன்றார்களே, அதை நினைத்தால் உங்கள் கண்முன் வருவது என்ன? எரிகிற பேருந்து. முகம் இல்லை. முகம் இல்லாததால் நமக்கு ஆத்திரம் குறைந்துவிட்டதா? இன்றைக்கும் வெளியூரில் தர்மபுரி என்றால் அதைத்தானே கேட்கிறார்கள். அப்புறம், நம் ஊர்க் குழு அட்மினைக் கும்பகோணத்தோடு ஒப்பிடுவது அவருக்கே கொஞ்சம் அதிகம்.

உள்பெட்டிக்கு வந்த இன்னொருவர் 'அப்படியானால் ஜெர்மனிக்குப் போய்விடுங்கள்' என்கிறார். அங்கே 2021இலிருந்து விபத்தில் இறந்தவரை இப்படிக் கேவலமாகப் படம் எடுத்தால் இரண்டு வருடம்வரை சிறை என்று நான் சொன்னதற்குக் கிண்டல். டிக்கெட் போட்டுக் கொடுங்கள், போகிறேன்.

'அடிபட்டவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், அதனால்தான் யாரும் தொடுவதில்லை' என்பதும் பழைய கதை. உதவி செய்பவரைக் காப்பாற்ற மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு வந்துவிட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் 2021இலிருந்து இருக்கிறது. படம் எடுக்க நீள்கிற கைக்கு 108 அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

என் சித்தப்பா காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் வண்டியில் வரும்போது அடிபட்டுப் போனார். எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது 7.40க்கு. படம் வந்தது 7.10க்கு. வந்தது சித்தியின் மகளுக்கு, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு. யாரோ ஒரு குழுவில் 'தெரிந்தவர்கள் இருந்தால் தகவல் சொல்லவும்' என்று போட்டதை அவள் தோழி அனுப்பியிருக்கிறாள். பிள்ளை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, முகம் அப்படி இருந்தது. தீபாவளிக்கு இவளே எடுத்துக் கொடுத்த நீலக்கட்டம் போட்ட சட்டையை வைத்துக் கண்டுபிடித்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் உட்கார்ந்திருந்தாள். சித்தி வெளியே அவருக்குத் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

'அடையாளம் காணத்தானே போட்டோம், கண்டுபிடித்துவிட்டீர்களே' என்று அதற்கும் ஒருவர் வருவார். வரட்டும். வண்டி நம்பர் இருந்தது. சட்டைப்பையில் லைசென்ஸ் இருந்தது. ஸ்டேஷன்காரர்கள் அதை வைத்துத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து போனை எடுத்துக் காட்டி, "இது அவர்தானுங்களே?" என்று என்னையே கேட்டார். பெரிய மனுசர். தப்பாகக் கேட்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு வாயைத் திறக்காதவன் நேற்று ஒரு வரி எழுதினேன், நீக்கிவிட்டார்கள்.

அட்மின் தம்பி, என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். உங்கள் தங்கை கல்யாண ஆல்பம் அடுத்த வாரம் சொன்ன தேதியில் தயாராக இருக்கும், அதில் ஒரு குறையும் வராது. செவ்வாய்க்கிழமை படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இப்போதும் இருக்கிறதாம். சிரிப்பு இருபதைத் தாண்டிவிட்டதாம்.