கருப்பாயி வேண்டாமாம்

"கியாரா என்றால் ஆதிபராசக்தியின் ஒளிக்கதிர், சித்தப்பா. சமஸ்கிருதம்."

சொன்னவன் என் அண்ணன் மகன். இடம், காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கூடம். நேற்றுக் காலை, நல்ல நேரம் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. தொட்டிலுக்குப் பூச்சுற்றி, சர்க்கரைத் தண்ணீர் கரைத்து, சொந்தபந்தம் அத்தனையும் பாயில் உட்கார்ந்திருக்கிறது. அப்போது இந்த ஒளிக்கதிர் என் நெற்றியில் வந்து அடித்தது.

போன ஐப்பசியில்தான் என் தாயார் போனார். பெயர் கருப்பாயி. அதன்பிறகு வீட்டில் பிறந்த முதல் பெண்பிள்ளை இது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் என்ன விளக்க வேண்டும்? பேரன் என்பதே பெயரன். பேத்தி என்பதே பெயர்த்தி. உறவுமுறைச் சொல்லிலேயே வேலையைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெயரைச் சுமக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேலையை ரத்து செய்ய ஒரு பெயரியல் நிபுணர், ஐயாயிரம் ரூபாய் கட்டணம், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்.

"கருப்பாயி என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள், சித்தப்பா" என்றான். சரி, உன் பயம் உனக்கு. "மிருகசீரிடம் நான்காம் பாதம், 'கி'யில்தான் தொடங்க வேண்டும்" என்றான். அதுவும் சரி. "அப்படியானால் கிருஷ்ணவேணி என்று வை தம்பி. கிருஷ்ண என்றாலும் கருப்புதான், உன் அப்பத்தாவும் மனம் ஆறிப்போவார்" என்றேன். என்னை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ பிள்ளையைப் பிடித்து அடகு வைக்கச் சொன்னது போல.

இதற்குமேல் எழுத்துக் கணக்கு வேறு. கியாராவை ஆங்கிலத்தில் எழுதும்போது நான்கு 'ஏ' போட வேண்டுமாம், கடைசியில் ஊமையாக ஒரு 'எச்'. எழுத்துக்கு ஓர் எண் என்று கூட்டினால் 14, அதையும் கூட்டினால் 5, ஐந்து என்றால் புதன், புதன்தான் மிதுன ராசிக்கு அதிபதி. ஆக, இந்தப் பெண் ஆயுள் முழுவதும் ஒவ்வொரு அலுவலகத்திலும் நின்று "இன்னொரு ஏ சார், இன்னும் ஒன்று" என்று சொல்லப்போகிறாள். புதன் பகவான் பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுப்பாரா?

நிற்க. என் அத்தை கதைக்கு வருகிறேன். அவருக்கு எண்பத்தாறு வயது. ஒரு காது முழுக்கப் போய்விட்டது, இன்னொன்று விருப்பப்பட்டால் கேட்கும். வீட்டில் மூத்தவர் என்பதால் அவரிடம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையின் காதில் ஓத வேண்டும்.

"என்ன பெயர் அப்பா வைக்கப்போகிறாய்?"

"கியாரா, அப்பத்தா."

"கீரையா?"

"கீரை இல்லை அப்பத்தா. கியா... ரா."

"அதைத்தான் கேட்கிறேன். முப்பது நாள் பிள்ளைக்கு எதற்கு இப்போதே கீரை? வயிற்றுக்கு ஆகுமா?"

கூடத்தில் சிரிப்பு. இவனுக்கு முகம் சிவந்துவிட்டது. குனிந்து, நல்ல காதாகப் பார்த்து, கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "கி! யா! ரா!" என்று கத்தினான். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. "பார், பிள்ளைக்கே பிடிக்கவில்லை" என்றார் அத்தை. பெண்ணின் தாய் குழந்தையைத் தூக்க, தங்கை சர்க்கரைத் தண்ணீரைத் தட்டிவிட, அது ஆத்தங்குடிக் கல் தரையில் வழிந்தோட, எறும்புக்கு முன்னால் துணியைப் போடுங்கள் என்று நாலு பேர் கத்த, அத்தை மட்டும் அசையவில்லை. "அரைக்கீரையா முளைக்கீரையா, அதையாவது சொல்லேன்." இந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் கரண்டியோடு பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, கீரை சொல்லவே இல்லையே? வாழைப்பூக் கோலாதானே சொன்னீர்கள்?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம். நல்ல நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, வியர்க்க விறுவிறுக்க, என் மகள் பிள்ளையின் காதில் கியாரா, கியாரா, கியாரா என்று மூன்று முறை ஓதினாள். அழுகைச் சத்தத்தில் அது கேட்டிருக்காது என்பது என் ஆறுதல்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சமஸ்கிருத அகராதியில் அந்த ஒளிக்கதிரைத் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும்? இத்தாலியில் கியாரா உண்டு. லத்தீனில் கிளாரா, தெளிவு, பிரகாசம். அசிசி ஊரில் 1253இல் இறந்த புனித கிளாரா அந்த ஊர் மொழியில் கியாராதான். அதோடு விட்டிருந்தாலாவது ஒளி என்ற பாதி மானம் தப்பியிருக்கும். ஆனால் அயர்லாந்திலும் ஒரு கியாரா இருக்கிறாள். அவர்கள் மொழியில் 'கியர்' என்றால் கருப்பு. ஆணுக்குக் கியரான், பெண்ணுக்குக் கியாரா.

புரிகிறதா? கருப்பாயி வேண்டாம் என்று ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, நான்கு 'ஏ' வாங்கி, அயர்லாந்து வரை போய், கருப்பாயி என்றே பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்! படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். மனைவி என்னவோ ஏதோவென்று விளக்கைப் போட்டாள்.

அப்படியே கருப்பு என்றால் உலகத்தில் யாருக்கு என்ன குறைந்துபோயிற்று? மெலனி என்று வெள்ளைக்காரப் பெண்கள் வைத்துக்கொள்கிறார்களே, கிரேக்கத்தில் அது கருப்பி. டக்ளஸ் என்ற கம்பீரமான பெயருக்கு ஸ்காட்லாந்து மொழியில் கருந்தண்ணீர் என்று பொருள். லைலா என்றால் அரபியில் இரவு. சியாமளாவும் காளியும் நம் வீட்டுப் பெண்கள். இங்கே மட்டும் கருப்பர் சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடம் சிரிக்கும்.

அந்தப் பிளாஸ்டிக் தாளில் மற்ற பெயர்களையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. வனேசா: வனத்தின் ஈஸ்வரியாம். அட மகராசா, அது ஜொனாதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர், எஸ்தர் வான்ஹோம்ரி என்ற தன் தோழிக்காக, அவள் குடும்பப் பெயரில் ஒரு துண்டும் செல்லப் பெயரில் ஒரு துண்டும் கிள்ளி ஒட்டிய பெயர். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன்னால் எந்த வனத்திலும் அப்படி ஒருத்தி கிடையாது. தாளில் பாதிப் பெயர்களுக்குப் பொருள் 'கடவுளின் பரிசு'. அப்படிப்பட்ட பெயர்கள் நிஜமாகவே இருக்கின்றன. கிரேக்கத்தில் தியோடர், எபிரேயத்தில் மத்தேயு, ரஷ்யப் பக்கம் பொக்தான், அரபியில் அதாவுல்லா, இங்கே தேவதத்தன். அவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லை.

ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களிடம் யெத்துண்டே என்று ஒரு பெயர் உண்டு. பாட்டி இறந்தபின் வீட்டில் பிறக்கும் பெண்பிள்ளைக்கு வைப்பார்கள். அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று பொருள். தாத்தா போனபின் பிறக்கும் பையனுக்குப் பாபத்துண்டே. கானாவில் வெள்ளிக்கிழமை பிறந்தால் கோஃபி, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. அந்தப் பெயரோடு நியூயார்க்கில் உட்கார்ந்து உலகத்தைக் கட்டி மேய்த்தார், யாரும் கேலி செய்யவில்லை. நம் ஆட்கள் கப்பலேறி வட்டிக்கடை வைத்த பர்மாவிலும் பிறந்த கிழமைக்குத்தான் முதல் எழுத்து. குடும்பப் பெயர் என்ற ஒன்றே அங்கே கிடையாது.

நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? சண்முகநாதன் என்றால் குன்றக்குடிக்கு நேர்ந்த பிள்ளை. கற்பகம் என்றால் பிள்ளையார்பட்டி. சேவுகன் என்றால் சிங்கம்புணரி, சௌமியநாராயணன் என்றால் திருக்கோஷ்டியூர். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பெயரைச் சொன்னால் போதும், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவார் என்று சொல்லிவிடலாம். கியாராவை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது?

இன்று காலை அவனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நீ வைத்த பெயருக்கு அர்த்தம் கருப்பாயிதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பெயரை மாற்ற அந்த நிபுணர் மறுபடி பணம் கேட்பாரே சித்தப்பா" என்றான். மாற்றாதே, மாற்றாதே என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அத்தை அதற்குள் பேத்தியைக் கீரைக்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாராம். அதுவும் நிலைத்துவிடும் போலிருக்கிறது.

இவ்வளவையும் மன்னிக்கிறேன். பந்தியை மன்னிக்க மாட்டேன். கவுனி அரிசி செய்திருந்தார்கள். நெய்யும் தேங்காய்ப் பூவும் போட்டு, கருகருவென்று, இலையில் வைத்தால் இலையே ஊதாவாகிவிடுமே, அது. பேத்திக்குக் கருப்பு ஆகாது என்று சொன்ன அதே கூட்டம் முதல் பந்தியிலேயே அதை வழித்து வழித்துத் தின்றிருக்கிறது. சித்தப்பா என்று வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுவிட்டு மூன்றாம் பந்தியில் உட்கார்ந்த எனக்குச் சேமியா கேசரி. அதுவும் ஆறிப்போய்.